பிழைக்குறியின் பெயர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் லினக்ஸ் டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) எழுதுவதைப் பற்றி வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால் சிஸ்டம் கால்கள் (நிரல் கர்னலிடம், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியிடம், வேலை கேட்கும் அழைப்புகள்) திருப்பித் தரும் பிழைக்குறிகளை எப்படி ஆவணப்படுத்துவது என்ற இடத்தில், கர்னலின் ஹெடர் ஃபைலில் உள்ள பட்டியலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நகர்ந்துவிட்டது. அந்தப் பட்டியல் குறியின் பொதுப்பொருளைத்தான் சொல்லும். குறிப்பிட்ட டிரைவர் எந்த நிலைமையில் அதைத் தருகிறது, அப்போது சாதனம் எந்த நிலையில் இருக்கிறது, அழைத்த நிரல் அடுத்து என்ன செய்யலாம் என்ற மூன்றும் அதில் இருக்காது. நிரலாளர் தேடுவதோ இந்த மூன்றைத்தான்.

வெப்கேமையே பாருங்கள். ஒரே யுஎஸ்பி கன்ட்ரோலரில் இரண்டு கேமராக்களைப் பொருத்தி இயக்கினால், இரண்டாவது பல சமயம் ஓடாது. வரும் குறி ஈ-நோஸ்பிசி (28). திரையில் வரும் செய்தி, சாதனத்தில் இடமில்லை என்று. படித்தவர் ஹார்ட் டிஸ்க்கைக் காலி செய்யப் போய்விடுவார். உண்மையில் தீர்ந்துபோனது யுஎஸ்பி பாதை தரவைக் கொண்டுசெல்லும் திறன் (பேண்ட்விட்த்). யுஎஸ்பி 2.0 அதிவேகத்தில், சீரான இடைவெளியில் நடக்கும் பரிமாற்றங்களுக்கு 80 சதவீதம் வரைதான் ஒதுக்கலாம். இரண்டாவது கேமரா கேட்பது அந்த வரம்பைத் தாண்டுகிறது. லினக்ஸ் மீடியா ஆவணத்தில் இதற்கென ஒரு குறிப்பு இருக்கிறது. அதைப் படித்தவர் படத்தின் அளவையோ நொடிக்கான பிரேம்களையோ குறைப்பார், சுருக்கப்பட்ட வடிவத்துக்கு மாறுவார், அல்லது கேமராவை வேறு கன்ட்ரோலருக்கு மாற்றுவார். பக்கத்து போர்ட்டில் செருகினால் போதாது. அதுவும் பெரும்பாலும் அதே கன்ட்ரோலரைச் சேர்ந்ததாகவே இருக்கும்.

அதிகம் குழப்புவது ஐஓசிடிஎல், சாதனத்துக்குக் கட்டளை அனுப்பும் சிஸ்டம் கால். அதன் மேன் பக்கத்தில் (லினக்ஸ் கையேட்டுப் பக்கம்) நான்கே குறிகள்தான் உள்ளன: ஈ-பேட்எஃப் (செல்லாத ஃபைல் எண்), ஈ-ஃபால்ட் (செல்லாத நினைவக முகவரி), ஈ-இன்வால், ஈ-நாட்-டிடிஒய். மற்றவற்றைச் சொல்ல வேண்டியது டிரைவரை எழுதியவர். அந்த நான்கிலும்கூட கடைசி இரண்டைப் பலர் ஒன்றாக்கிவிடுகிறார்கள். டிரைவருக்குத் தெரியாத கட்டளை எண் வந்தால் தர வேண்டியது ஈ-நாட்-டிடிஒய் (25). கட்டளை தெரிந்ததுதான், அதனுடன் வந்த மதிப்பு தவறு என்றால் ஈ-இன்வால் (22). கட்டுரையின் மாதிரி நிரல், ஸ்விட்ச்சின் டிஃபால்ட் கிளையில் (எந்தக் கட்டளையுடனும் பொருந்தாதபோது ஓடும் பகுதி) ஈ-இன்வாலைத் தருகிறது, திருத்த வேண்டும்.

இது வெறும் நெறிமுறைப் பிடிவாதம் இல்லை. கேமராவின் பட வடிவங்களைப் பட்டியலிடும் கட்டளை சுழியத்தில் தொடங்கி ஒவ்வொரு எண்ணாகக் கேட்கும். பட்டியல் முடிந்ததற்கு அடையாளமே ஈ-இன்வால்தான். கட்டளையே இல்லாத டிரைவரும் அதே குறியைத் தந்தால், வடிவம் ஒன்றும் இல்லையா, கேட்கவே வழியில்லையா என்று நிரலுக்குப் பிரித்தறிய முடியாது. மீடியா பிரிவில் இந்தக் குறி ஒழுங்குபடுத்தப்பட்டது 2011-ல் வந்த லினக்ஸ் 3.1-ல்தான்.

ஓப்பன் அழைப்பால் சாதனத்தைத் திறக்கும்போது வரும் குறிகளிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. டிவைஸ் ஃபைல் (சாதனத்தைக் குறிக்கும் ஃபைல்) இருக்கிறது, அதற்குப் பின்னால் சாதனம் இல்லை என்றால் தர வேண்டியது ஈ-என்எக்ஸ்ஐஓ (6). நடைமுறையில் ஈ-நோடெவ் (19) வருவதும் உண்டு. ஓப்பன் மேன் பக்கமே அதைக் கர்னலின் பிழை என்று வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறது. அந்த நேர்மை பாராட்டத்தக்கது. ஆவணம் நடப்பதைச் சொல்ல வேண்டும்; நடந்திருக்க வேண்டியதை அதன் பக்கத்தில் குறித்தால் போதும்.

நல்ல பதிவு எப்படி இருக்கும் என்பதற்கு, வீடியோ பஃபரை (படத்தரவு தங்கும் நினைவகப் பகுதி) வெளியே எடுக்கும் கட்டளையைச் சொல்லலாம். காத்திராத முறையில் திறந்திருந்து, பஃபர் இன்னும் தயாராகவில்லை என்றால் ஈ-அகெய்ன். எதுவும் கெடவில்லை, தரவு தயாரா என்று கவனிக்கும் 'போல்' (poll) அழைப்பில் காத்திருந்து மறுபடி அழைக்கலாம். ஈ-ஐஓ உள்கோளாறு, ஆனால் சிக்னல் சற்று நேரம் அறுந்தாலும் வரும் என்பதால் முதல் ஈ-ஐஓவிலேயே நிரலை மூடிவிடக் கூடாது. கோடெக் (வீடியோவைச் சுருக்கும், விரிக்கும்) சாதனங்களில் ஈ-பைப் என்றால் கடைசி பஃபர் ஏற்கெனவே எடுத்தாயிற்று, இனி வராது. பட வடிவத்தை மாற்றும்போது வரும் ஈ-பிஸியும் இப்படித்தான். 'சாதனம் வேலையாக இருக்கிறது' என்று மட்டும் எழுதினால் படிப்பவர் காத்திருந்து பார்ப்பார். பஃபர்கள் ஒதுக்கப்பட்டிருக்கும்வரை எவ்வளவு காத்திருந்தும் பயனில்லை. வீடியோ ஓட்டத்தை நிறுத்தி, பஃபர்களை விடுவித்த பிறகே வடிவத்தை மாற்ற முடியும் என்று ஆவணம் சொல்ல வேண்டும்.

மறுபடி அழைக்கலாமா என்பது ஃபைலை மூடும் குளோஸ் அழைப்புக்கு இன்னும் முக்கியம். லினக்ஸில் குளோஸ் ஈ-இன்டர் (அழைப்பு இடையில் குறுக்கிடப்பட்டது) தந்தாலும் ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த ஃபைலின் எண்) அதற்குள் விடுவிக்கப்பட்டிருக்கும். திரும்ப அழைத்தால், இடையில் அதே எண்ணை வாங்கிய வேறொரு திரெட்டின் (நிரலில் இணையாக ஓடும் இழை) ஃபைல் மூடப்படக்கூடும். ஈ-இன்டர் வந்தால் திரும்ப அழைப்பது ரீடில் சரியான பழக்கம், இங்கே ஆபத்து.

குறிகளைத் திரட்டும்போது டிரைவர் நிரலில் ரிட்டர்ன் வரிகளை மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். டிரைவர் அழைக்கும் கர்னல் செயல்கூறுகளிலிருந்து மேலே வருபவை தனி. யுஎஸ்பி அடுக்கு தரும் ஈ-பைப், எண்ட்பாயிண்ட் (சாதனத்தின் தரவு முனை) ஸ்டால் ஆனதை, அதாவது தடைப்பட்டு நின்றதைக் குறிக்கும். இரு நிரல்களை இணைக்கும் பைப்பில் எழுதும் நிரலுக்கு அதே குறி, வாசிக்க எதிர்முனையில் ஆளில்லை என்று அர்த்தம். சிப்புகளை இணைக்கும் ஐஸ்கொயர்சி பாதையின் அடுக்கில் ஈ-என்எக்ஸ்ஐஓ என்றால், அனுப்பிய முகவரிக்கு எந்த சிப்பும் பதில் தரவில்லை. அப்படியே மேலே விடுவதா, மாற்றித் தருவதா என்பதை டிரைவர் எழுதுபவர் முடிவு செய்து எழுதிவைக்க வேண்டும்.

இன்னொரு வழுக்கல் காப்பி-டு-யூசர், கர்னலிலிருந்து நிரலின் நினைவகத்துக்குத் தரவை நகலெடுக்கும் செயல்கூறு. அது தோல்வியில் தருவது பிழைக்குறி அல்ல, நகலெடுக்காமல் விட்ட பைட்டுகளின் எண்ணிக்கை. அதை அப்படியே திருப்பினால் அழைத்தவர் நேர்மதிப்பைப் பார்த்து வெற்றி என்றே நினைப்பார். கர்னலுக்குள் பிழைக்குறி எதிர்மறை எண்ணாகவே திரும்பும் என்பதால், சுழியம் இல்லாவிட்டால் ஈ-ஃபால்ட்டை எதிர்மறையாக்கித் தர வேண்டும். கர்னல் தனக்குள் வைத்திருக்கும், 512-ல் தொடங்கும் குறிகளும் வெளியே கசியக் கூடாது. 524 கசிந்து, 'அறியாத பிழை 524' என்று திரையில் வருவது பலருக்குப் பழக்கமான காட்சி.

ஆவணத்தில் எண்ணை முதன்மையாக வைக்கவும் வேண்டாம். மேலே தந்த எண்கள் எக்ஸ்86 (வழக்கமான கணினிகளின் பிராசசர் வகை) லினக்ஸுக்கு உரியவை. ஈ-டைம்டவுட் (நேரம் கடந்துவிட்டது) அங்கே 110, மிப்ஸ் என்ற வேறு பிராசசர் வகையின் லினக்ஸில் 145, ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் 60. ஃப்ரீபிஎஸ்டியில் 35 என்பது ஈ-அகெய்ன். எக்ஸ்86 லினக்ஸில் அதே 35, லாக்குகள் ஒன்றுக்கொன்று சிக்கிக்கொள்ளும் டெட்லாக்கைக் குறிக்கும் குறி.

எழுதிய பட்டியலைச் சோதிக்காமல் வெளியிடக் கூடாது. செல்லாத பாயிண்டரைக் கொடுத்துப் பாருங்கள். இல்லாத கட்டளை எண்ணை அனுப்புங்கள். ரீட் காத்திருக்கும்போதே கேபிளை உருவுங்கள். உடனே ஈ-நோடெவ் வருகிறதா, நிரல் அப்படியே தொங்கி நிற்கிறதா என்று தெரிந்துவிடும். சிஸ்டம் கால்களைக் கண்காணிக்கும் எஸ்-டிரேஸ் கருவியைக் கொண்டு, மூன்றாவது ஐஓசிடிஎல் அழைப்பு மட்டும் ஈ-ஐஓ தரும்படி செய்யலாம். ஆனால் அதில் சோதனைக்கு உள்ளாவது அழைக்கும் நிரல்தான், டிரைவர் அல்ல.

பட்டியல் இத்துடன் முடிந்தது என்றும் எழுதாதீர்கள். பட்டியலில் இல்லாத குறிகளையும் தர, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரநிலை இடம் தருகிறது. எந்தக் குறி எந்தக் கர்னல் பதிப்பிலிருந்து மாறியது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். 3.1-க்கு முந்தைய கர்னலிலும் ஓட வேண்டிய வீடியோ நிரல், தெரியாத கட்டளைக்கு ஈ-இன்வால், ஈ-நாட்-டிடிஒய் இரண்டையும் ஏற்கும்படி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
டிரைவர் நிரலாளர்கள் சிலர்