இங்கிலாந்தின் ஓல்டாமிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். அக்கா எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடிதம் வந்து நாளாகிறது. போன் செய்தால் காது சரியாகக் கேட்கவில்லை என்று அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால் இது உங்களுக்கு மட்டும்.

இங்கே குளிர் விட்டாலும் ஈரம் விடவில்லை. துவைத்துப் போட்ட துணி காய மாட்டேன் என்கிறது. ஹீட்டரை ராத்திரி கொஞ்ச நேரம் போடுகிறேன், எனக்கு அது போதும். சாப்பாட்டுக்குக் குறை இல்லை. போன வாரம் உளுந்தஞ்சோறு பொங்கினேன். எள்ளுத் துவையலுக்குப் பதில் அம்மா கொடுத்துவிட்ட பொடி.

எதிர்வீட்டில் ஒரு கிழவி இருக்கிறார். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சத்தமே இல்லாமல் வாயை மட்டும் பெரிதாக அசைத்துப் பேசுவார். முதலில் பயந்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, நெசவு மில்லில் வேலை பார்த்தவராம். தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்பதால் வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்வார்களாம். மில் போன பிறகும் பழக்கம் போகவில்லை. நீங்களும் ரிட்டயர் ஆன பிறகு வீட்டில் கத்திக்கொண்டுதானே இருக்கிறீர்கள்!

அவர் சொல்லித்தான் ஒரு பழைய நூற்பு மில்லைப் பார்க்கப் போனேன். வெளிச்சுவரை நிறுத்திக்கொண்டு உள்ளே பிளாட் கட்டப் போகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரர்களுக்குத் திறந்துவிட்டார்கள். எல்லோரும் குடும்பமாக வந்திருந்தார்கள். தலைக்குத் தொப்பி, மஞ்சள் சட்டை கொடுத்து மேலே ஏற்றினார்கள். வரிசையாக இரும்புத் தூண்கள், உடைந்த ஜன்னல், புறா எச்சம். மிஷின் ஒன்றுகூட இல்லை, எப்போதோ இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம்.

இங்கே ஓடியது உங்கள் ரிங் ஃபிரேம் இல்லை, மியூல் என்கிற நூற்பு மிஷின். பக்கத்து ஊர் போல்டனில் சாமுவேல் கிராம்ப்டன் 1779-இல் செய்தது. கதிர்கள் இருக்கிற வண்டி முன்னால் வரும்போது நூலை இழுத்து முறுக்கும், திரும்பிப் போகும்போது சுற்றிக்கொள்ளும். ஆட்கள் அதனோடு வெறுங்காலில் நடப்பார்களாம். தரைப்பலகையில் அவ்வளவு எண்ணெய். இன்றைக்கும் கறுப்பாக ஊறிக் கிடக்கிறது. நான் திட்டுகிற இந்த ஈரம்தான் நூல் அறாமல் ஓட நல்லதாம். இதை நீங்கள் எப்போதோ சொல்லிவிட்டீர்கள்.

விக்கிரமசிங்கபுரத்தில் 1880களிலேயே ஹார்வி துரைமார் பாபநாசம் அருவித் தண்ணீரை வைத்து மில் ஓட்டினார்கள், என் அப்பா அங்கே நூற்பு மிஷின் பார்த்த சைடர் என்று சுற்றிக்காட்டியவரிடம் சொன்னேன். அவர் ஆறு எப்படி இருக்கும் என்று கேட்டார். ஏதோ சொல்ல ஆரம்பித்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது. ஜலதோஷம் என்று சமாளித்தேன்.

ஒரு ஜன்னல் இடுக்கில் பஞ்சு அப்பிக் கிடந்தது. கிள்ளி எடுத்தேன். நீங்கள் இருந்தால் இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தே இழை நீளம் சொல்லியிருப்பீர்கள். எனக்கு வெறும் அழுக்காகத்தான் தெரிந்தது. நீங்கள் ஷிப்ட் முடிந்து புருவமெல்லாம் பஞ்சோடு வந்து திண்ணையில் உட்காருவீர்களே, அப்படியே ஊருக்கு வந்துவிடலாமா என்றிருந்தது. சரி, அதை விடுங்கள். பிளாட் விலையைக் கேட்டேன், சும்மாதான்.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோவிலுக்கு வர முடியாது போலிருக்கிறது. லீவு கிடைக்கவில்லை. அக்கா கேட்ட பணத்தை இந்த மாதம் பாதி, அடுத்த மாதம் பாதியாக அனுப்புகிறேன். பேங்கில் ஏதோ கணக்கு, வேறொன்றும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு முதலில் கட்டச் சொல்லுங்கள், கம்மலைத் திருப்புவது அப்புறம். உங்கள் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள், வெயில் தணியட்டும் என்று போன வருஷமும் இதையேதான் சொன்னீர்கள்.

கால்வாய்ப் பக்கத்து வயலை அண்ணன் விற்கச் சொல்கிறார் என்று அம்மா சொன்னாள். பிசானம் அறுப்பு முடியட்டும். பட்டா இன்னும் தாத்தா பேரில்தானே இருக்கிறது? முதலில் அதை மாற்ற மனுக் கொடுங்கள். அதுவரை எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அண்ணன் கேட்டால் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சின்னவன்