முன் அறையில் தலையணை வைக்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய படம் வந்தது. அம்மாவும் பார்த்தாள். அவளுக்குக் கண் சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது, அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

படகின் இடது பக்கம் மங்கித் தெரிகிறது. காய்ந்த உள்ளங்கையால் ஒரு தடவை தடவிப் பார். சாக்பீஸ் மாதிரி வெள்ளையாகக் கையில் ஒட்டினால் ஜெல்கோட் என்கிற மேல்பூச்சு வெயிலில் வெந்துவிட்டது என்று அர்த்தம். அதன் மேலேயே மெழுகு பூசுவது வீண் வேலை. முதலில் பாலிஷ் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்து அந்தப் பொடியை எடு, பிறகு மெழுகு போடு. வெயில் நேராக விழாத நேரமாகப் பார்த்து, ஒரு தடவைக்கு இரண்டடிச் சதுரம் மட்டும் செய். ஒரு பக்கம் முழுக்கப் பூசிவிட்டுத் துடைக்கப் போனால் காய்ந்து பிடித்துக்கொள்ளும், உன் தோள்தான் போகும். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், போட்ட மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். கார் கழுவுகிற சோப்பு போதும்.

படத்தில் முன் அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு தலையணை, நீலப் பூ போட்ட உறை. படகில் வீட்டுத் தலையணை வைக்கக் கூடாது பாப்பா. உப்புக் காற்று பட்ட துணியை எத்தனை தடவை வெயிலில் போட்டாலும் ஈரத்தை மறுபடி இழுக்கும். நல்ல தண்ணீரில் அலசினால்தான் உப்பு போகும். அந்த அறையில் அலசிக் காயப்போட எங்கே இடம்? வீட்டுக்கே கொண்டுபோய்விடு.

இப்போதைக்கு முடியாது என்றால், பகலில் மெத்தைகளை விளிம்பில் நிமிர்த்தி வை. அடியில் காற்று போகட்டும். ஓர் ஆள் ஓர் இரவு தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலுமாக ஒரு டம்ளர் தண்ணீராவது அந்தச் சின்ன அறைக்குள் சேரும். காலையில் கண்ணாடியில் வழிவது அதுதான். முன் மூடி, பின் கதவு இரண்டையும் கொஞ்சமாவது திறந்து வைத்தால்தான் காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போகும். ஒன்றை மட்டும் திறந்தால் போதாது. கரும்புள்ளி வந்துவிட்டது என்று பிளீச்சை ஊற்றாதே, மெத்தையின் தையல் நூல் இற்றுப்போகும். வினிகரைத் தண்ணீரில் கலந்து துடை. இரண்டையும் எந்தக் காரணத்துக்காகவும் சேர்த்துவிடாதே, விஷவாயு கிளம்பும். அம்மோனியா கலந்த கண்ணாடி திரவத்தையும் பிளீச்சோடு சேர்க்காதே. அடைத்த அறை அது.

போன வாரம் மாப்பிள்ளையிடம் பேசினேன். "அவ படகைச் சுத்தம் பண்ணிக்கிட்டு இருக்கா மாமா" என்றார். அப்போது இரவு பத்தரை மணி. இருட்டில் என்ன சுத்தம் என்று நான் கேட்கவில்லை. நீயும் மூன்று வாரமாகப் போன் எடுக்கவில்லை. படகை மட்டும் படம் பிடித்து அனுப்பினால் அப்பாவுக்குப் போதும் என்று யார் சொன்னது?

என்ஜினைப் பற்றி உனக்குச் சொல்லவே வேண்டியதில்லை. தண்ணீர் பம்பைத் தனியாகப் பிரித்து இம்பெல்லர் மாற்றினவள் நீ. உன் அண்ணனுக்கு இன்றைக்கும் ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. கடலில் ஓட்டிவிட்டு வந்தால் பத்து நிமிஷம் நல்ல தண்ணீர் விட்டு ஓடவிடு, என்ஜினின் பக்கவாட்டுத் துளையில் தண்ணீர் பீய்ச்சி வருகிறதா என்று பார். என்ஜினுக்குப் பதிலாக அரிபடுகிற துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருந்தால் மாற்றிவிடு. முழுசாகக் கரையட்டும் என்று சிக்கனம் பார்த்தால் அடுத்து என்ஜினின் அலுமினியத்தைத்தான் உப்புத் தண்ணீர் அரிக்கும். தெரியாமல்கூட அதன் மேல் பெயின்ட் அடித்துவிடாதே.

படகின் அடிக்குழியில், பில்ஜில், கொஞ்சம் தண்ணீர் நிற்பதாக மாப்பிள்ளை சொன்னார். எப்படியோ அவருக்கும் தெரிந்திருக்கிறது, அதுவரை சந்தோஷம். எண்ணெய் மிதக்கவில்லை என்றால் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார். உப்புக் கரித்தால் கடல் எங்கேயோ உள்ளே வருகிறது, குழாய்களின் கிளிப்புகளை ஒவ்வொன்றாகப் பார். இல்லையென்றால் மழைத் தண்ணீர், மேல்தளத்தில் எங்கேயோ ஒழுகுகிறது. பம்பின் மிதவையைக் கையால் தூக்கிப் பார், பம்பு ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் பெரும்பாலும் முடிதான் சுற்றியிருக்கும். முன் மூடியையும் பின் கதவையும் திறந்து வைக்கச் சொன்னேனே, அது மறக்க வேண்டாம். பக்கத்துப் படகில் ஜெனரேட்டர் ஓடினால் மட்டும் அந்தப் பக்கத்தை மூடிவிடு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. யார் தூங்கினாலும் சொல்கிறேன், பொதுவாக.

படகின் பின்பக்க அடியில் தண்ணீர் வடியும் துளையை அடைக்கிற டிரெயின் பிளக்கைப் பற்றியும் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதி அடித்துவிட்டேன். உனக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்குப் பதினொரு வயது. டிரெய்லரிலிருந்து இறக்கிய கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் தாழ்ந்து, தரைப்பலகை மேல் தண்ணீர் ஏறியது. சித்தப்பா, அத்தை, பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பிளக் போடுறது பாப்பா வேலை" என்று சொன்னேன். நீ உடனே "ஸாரிப்பா" என்றாய். நீ போட்டாயா இல்லையா என்று யோசிக்கக்கூட இல்லை, உடனே சொல்லிவிட்டாய்.

அன்றைக்குக் காலையில் அந்தப் பித்தளை பிளக்கைத் துடைக்கிறேன் என்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டவன் நான். சாயங்காலம் துணி ஊற வைக்கும்போது அம்மா எடுத்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. நீ பக்கத்து அறையில் இருந்தாய். எழுந்து வந்து சொல்லப் பத்தடி தூரம்கூட இல்லை.

அதற்குப் பிறகு எத்தனை தடவை அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்! உன் கல்யாணத்தில் மாப்பிள்ளையிடமும் சொன்னேன். "ஜாக்கிரதை, மூழ்கடிச்சிடுவா" என்றேன். அவர் சிரித்தார். நீ சேலை முந்தானையைச் சரி செய்துகொண்டிருந்தாய். நீ ஒவ்வொரு தடவையும் பிளக்கை மூன்று முறை தொட்டுப் பார்ப்பதைப் பார்த்து, நான் கற்றுக்கொடுத்த பாடம் என்று வெளியில் பெருமை வேறு பேசினேன்.

இப்போது உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. யார் மேல் தப்பு என்று யாராவது கேட்டால், உடனே "ஸாரி" என்று சொல்லிவிடாதே. கொஞ்சம் யோசித்துச் சொல். உன் பழக்கம் எனக்குத் தெரியும், அதைப் பழக்கினவன் நான்.

அம்மா உன் அறையில் மெத்தையை வெயிலில் போட்டு எடுத்து விரித்திருக்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளாகச் செய்தாள்.

படகின் முன் அறையில் மாட்டியிருக்கும் கார்பன் மோனாக்சைடு கருவியின் பின்னால் காலாவதித் தேதி அச்சடித்திருக்கும். கழற்றிப் பார்த்து அந்தத் தேதியை எனக்கு அனுப்பு. வேறு ஒன்றும் எழுத வேண்டாம். இன்றைக்கு ராத்திரிக்குள் அனுப்பு.

அப்பா