கூச்சம் தானாகப் பழகிவிடுவதில்லை

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், உடம்பு பிடித்துவிடும் சிகிச்சை குறித்து வெளியான கட்டுரையைப் படித்தேன். எண்ணெய்களின் வகைகளையும் குணங்களையும் விரிவாக எழுதிய கட்டுரையாளர், சிகிச்சைக்கு வருபவர்களில் பலரைத் தொட்டதும் நெளிய வைக்கும் கூச்சத்தை மட்டும் ‘சிறிது நேரத்தில் பழகிவிடும்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். சித்த மருத்துவத்தில் தொக்கணம் எனப்படும் இந்தப் பிடித்துவிடும் சிகிச்சையை நெடுங்காலமாகச் செய்து பிழைப்பவன் என்ற முறையில் இதை என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை.

விலாவிலோ உள்ளங்காலிலோ கூச்சம் எழுந்த மறுகணமே உடம்பு தன்னையறியாமல் இறுகிக்கொள்கிறது. மூச்சு நின்று நின்று வருகிறது. எந்தத் தசையைத் தளர்த்த வந்தோமோ அதுவே விறைத்துவிடுகிறது. வந்தவர் சிரிக்கிறார் என்பதற்காக அவருக்குப் பிடித்திருக்கிறது என்று எண்ணித் தொடர்வது பெரும் பிழை. அந்தச் சிரிப்பு அவர் விரும்பி வருவதன்று.

அமெரிக்க உளவியலாளர்களான ஸ்டான்லி ஹாலும் ஆர்தர் ஆலினும் 1897-ஆம் ஆண்டிலேயே கூச்சத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். தோலின்மேல் மெல்ல ஊர்வதால் உண்டாகும் சிலிர்ப்பு ஒன்று. விலா, அக்குள் போன்ற இடங்களில் அழுத்தித் தொடுவதால் வெடிக்கும் சிரிப்பு மற்றொன்று. மெல்லத் தொட்டால் கூசாது என்று நினைத்து விரல்நுனியால் தடவுபவர் முதல் வகையைத் தாமே வரவழைக்கிறார். அழுத்தினால் சரியாகிவிடும் என்று விரலால் குத்துபவர் இரண்டாவதில் மாட்டிக்கொள்கிறார். உள்ளங்கை முழுவதையும் பதித்து, நிதானமாக, கையை எடுத்து எடுத்து வைக்காமல் நகர்த்துவதே இரண்டுக்கும் பொருந்தும். தொக்கணத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல் முதலாக ஒன்பது வகைச் செய்முறைகளைச் சித்த மருத்துவம் கூறுகிறது. கூசும் இடத்தில் நான் தட்டலைத் தொடுவதே இல்லை, பிடித்தலும் அழுத்தலும் போதும். பாதமானால் ஒரு கையால் குதிகாலை உறுதியாகப் பற்றிக்கொண்டு, மறு கையால் பாதத்தின் மேற்புறத்தைச் சேர்த்துப் பிடித்த பிறகே அடிப்பக்கத்துக்கு வர வேண்டும். இடுப்பின் பக்கவாட்டில் எண்ணெயே வேண்டாம். ஒரு துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் அழுத்தலாம்.

இதற்கும் அடங்காத கூச்சமானால், வந்தவரின் கையை என் கையின்மேல் வைத்துக்கொள்ளச் சொல்வேன். தன்னைத்தானே யாரும் கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாதல்லவா? நம் அசைவால் விளையப்போகும் தொடுகையை மூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறது என்றும், அதில் சிறுமூளைக்குப் பங்குண்டு என்றும் சாரா-ஜேன் பிளேக்மோர் குழுவினர் லண்டனில் நடத்திய ஆய்வு 1998-இல் தெரிவித்தது. தம் கையும் கூடவே நகரும்போது அடுத்த அழுத்தம் எங்கே விழும் என்பது வந்தவருக்குத் தெரிந்துவிடுவதால், பெரும்பாலும் அவர் உடம்பு அடங்கிவிடுகிறது. அப்போதும் நெளிந்தால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டியதுதான்; முதுகும் தோளும் தளர்ந்த பிறகு மீண்டும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம், கேட்காமல் தொடக் கூடாது. (உள்ளங்காலில் முன்பு கூசிய ஒரு நீரிழிவு நோயாளிக்கு இப்போது தொட்டதே தெரியவில்லை என்றால், அது நல்லதற்கன்று, நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் அவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.)

ஒரு மணி நேரத்துக்குள் தலை முதல் கால்வரை முடித்தாக வேண்டும் என்று அவசரப்படுத்தும் நிலையங்களில் இவற்றுக்கெல்லாம் பொழுதிருப்பதில்லை. பணியாளரும் சிரித்து மழுப்புகிறார். வந்தவரும், பெண்களானால் இன்னும் கூடுதலாக, வாய்விட்டுச் சொல்லத் தயங்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார். இரத்த அழுத்தமும் ஒவ்வாமையும் கேட்டு எழுதிக்கொள்ளும் படிவத்திலேயே, எங்கெங்கே கூசும், எந்த இடத்தைத் தொட வேண்டாம் என்பதற்கும் ஒரு வரி ஒதுக்குமாறு நிலையம் நடத்துவோரைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தொக்கணச் சிகிச்சையாளர் ஒருவர்,
தஞ்சாவூர்.