மழையைக் கேட்கச் சொன்னார்கள்

அன்புள்ள ராணி,

உன் கடிதத்தை நைட் டியூட்டியில், வார்டு அடங்கிய பிறகு படித்தேன். லண்டனில் உங்களுக்கு நடத்திய மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு, அதுதான் மூச்சையும் இந்த நிமிடத்தையும் கவனிக்கிற தியான வகுப்பு, வெள்ளைக்கார நர்ஸ்மாருக்குப் பிடித்துப்போனது, கறுப்பினப் பிள்ளைகளும் நம்மவர்களும் பாதியில் நின்றுவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். இனத்துக்கு இனம் மனசே வேறா என்று கேட்டாய். அப்படியில்லை ராணி. இங்கே இலங்கையில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

போன மாதம் எங்களுக்கும் அந்த வகுப்பு நடந்தது, சிங்களத்தில். சின்ன வயதிலிருந்தே போயாவுக்கு, அதாவது பௌர்ணமிக்கு, பன்சலையில் சில் விரதம் எடுத்துப் பழகிய சிங்களப் பிள்ளைகள் சட்டென்று அமைதியாகிவிட்டார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழ்ப் பிள்ளையின் பெரியம்மா வீடு 2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவில் மண்ணோடு போனது; பெரியம்மாவின் உடல்கூடக் கிடைக்கவில்லை. வெளியே நல்ல மழை. "கண்ணை மூடி மழைச் சத்தத்தைக் கேளுங்கள்" என்றார் பயிற்சி தந்தவர். இவள் கதிரை விளிம்பை இறுக்கிப் பிடித்தாள், விரல் நுனியெல்லாம் வெளுத்துவிட்டது. "மலை இறங்குற மாதிரியே இருக்கு அக்கா" என்றாள்.

இதைத் தமிழ், சிங்களம் என்று பிரித்துக் கணக்கெழுதினால் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தியானம் ஒத்துவரவில்லை என்றுதான் வரும். ஆனால் மூச்சைக் கவனிக்கச் சொன்னதும் எழுந்து வெளியே போனது ஒரு சிங்களப் பிள்ளை. கொவிட் வார்டில் மூச்சுக்குத் தவித்தவர்களின் பக்கத்தில் மாதக்கணக்காக நின்றவள் அவள். மூச்சு என்றாலே அவளுக்கு அந்த முகங்கள்தான்.

ஜோன் கபட்-சின் 1979இல் அமெரிக்காவில் தொடங்கிய பயிற்சி இது. எட்டு வாரம், வீட்டிலும் தினமும் 45 நிமிடம் செய்ய வேண்டும். தோட்டத்து லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில், ஒரே அறையில், ஆறு பேரோடு இருக்கிறவள் எந்த மூலையில் உட்காருவாள்? அமெரிக்க ஆய்வுகளில் பெரும்பாலும் படித்த வெள்ளைக்காரப் பெண்கள்தான் கலந்துகொண்டார்கள். அவர்களுக்குச் சரிவந்ததை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றவர்களைக் குறைசொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

இத்தனைக்கும் விழிப்போடு கவனிப்பதைக் குறிக்கும் 'சதி' என்ற பாளிச் சொல்லுக்கு மைண்ட்ஃபுல்னஸ் என்று 1881இல் பெயர் வைத்த ரைஸ் டேவிட்ஸ், இலங்கையில் அரசாங்க உத்தியோகம் பார்த்த துரை. உலகத்துக்கு அதை விளக்கி எழுதிய ஞானபோனிக தேரர் கண்டி உடவத்தைக் காட்டில்தான் வாழ்ந்தார். நமக்கு இது அந்நியச் சரக்கு இல்லை. சொல்லித்தருகிற விதம்தான் பிழை.

அப்புறம், உன் கை தன்மேல் படக்கூடாது என்று சொன்னானே ஒரு நோயாளி, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. அது உன் மூச்சைக் கவனித்துத் தீர்கிற காரியமில்லை. மேலே இருக்கிறவர்கள் அவனிடம் பேசித் தீர்க்க வேண்டியது. அதைச் செய்யாமல் உன்னைக் கண்மூடி உட்காரச் சொன்னால் நீ எப்படி ஆறுவாய்?

இப்போது நாங்கள் நாலு பேர் டியூட்டி முடிந்ததும் கண் திறந்தபடியே உட்காருகிறோம். இரண்டு பாதமும் தரையில், கையில் சுடச்சுடப் பிளேன்டீ. அந்தச் சூட்டை மட்டும் கவனிக்கிறோம், முடியாதவர் எழுந்து போகலாம். மீரியபெத்தைப் பிள்ளை நேற்றுக் கோப்பை ஆறும்வரை உட்கார்ந்திருந்தாள்.

சரி, நீ ஒன்று செய். பாதியில் நின்ற பிள்ளைகளிடம் ஏன் நின்றார்கள் என்று கேட்டு எனக்கு எழுது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
செல்வி