கட்டாய ராணுவ சேவை கேட்கும் மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

குடும்பக் குழுவில் நீங்கள் போட்டதைப் பார்த்தேன். 'வெட்டியாகத் திரியும் பையன்களை ரெண்டு வருஷம் பட்டாளத்தில் போட்டால்தான் தேசபக்தி வரும்.' நிறையப் பேர் கைதட்டியிருந்தார்கள். அங்கேயே பதில் சொன்னால் அத்தை சங்கடப்படுவார் என்று தனியாக எழுதுகிறேன்.

உங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறாரே, அந்த அண்ணனின் மகன் தினமும் விடியுமுன் பள்ளிக்கூட மைதானத்தில் ஓடுகிறான். 1,600 மீட்டர் ஓட்டம், 9 அடிப் பள்ளம் தாண்டல், நெஞ்சை 5 சென்டிமீட்டர் விரித்துக் காட்டல் எல்லாம் ஆள்சேர்ப்பு முகாமுக்காக. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. "நாட்டுக்காகவாடா?" என்று கேட்டேன். "நாட்டுக்காகவும்தாண்ணே. அக்கா கல்யாணக் கடன் இருக்கு" என்றான். அந்த 'உம்'மில் பொய் இல்லை. 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் நாலு வருஷம்தான் வேலை, அதற்குப் பிறகு நூற்றுக்கு 25 பேர் வரைதான் தொடர முடியும், மற்றவர்கள் சுமார் 11.7 லட்சத்தோடு ஊர் திரும்ப வேண்டும் என்ற கணக்கும் அவனுக்கு அத்துப்படி.

கட்டாயம் என்று வந்துவிட்டால் எல்லா வீட்டிலிருந்தும் போவார்கள் என்பீர்கள். சரி, அத்தான் இருக்கும் அமெரிக்காவையே பார்ப்போம்.

அங்கே உள்நாட்டுப் போர் நடந்தபோது, 1863-ல் லிங்கன் அரசு கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் போட்டது. தப்பிக்கும் வழியையும் அதே சட்டத்தில் எழுதி வைத்தது. 300 டாலர் கட்டினால் போக வேண்டாம். அல்லது பதிலுக்கு ஓர் ஆளைக் காசு கொடுத்து அனுப்பலாம். 300 டாலர் என்பது அன்றைக்கு ஒரு கூலிக்காரரின் ஏறக்குறைய ஒரு வருடச் சம்பாத்தியம். வங்கி முதலாளி ஜே.பி. மார்கன் காசு கொடுத்து ஒதுங்கிக்கொண்டார். பின்னாளில் ஜனாதிபதியான குரோவர் கிளீவ்லாந்து, தனக்குப் பதில் ஓர் ஆளை அனுப்பினார். லிங்கன் அரசை எதிர்த்துப் பிரிந்துபோன தென் மாநிலங்களில் இன்னும் வேடிக்கை: அடிமை முறையைக் காப்பாற்றத்தான் போரே, ஆனால் 20 அடிமைகள் இருந்த பண்ணைக்கு ஒருவர் வீதம் வெள்ளைக்காரருக்கு விலக்கு!

அந்த ஜூலையில் நியூயார்க் பற்றி எரிந்தது. பணக்காரர்கள் மேல் கிளம்பிய கோபம் கடைசியில் கறுப்பர்கள் தலையில் விடிந்தது. தெருவில் அடித்துக் கொன்றார்கள், கறுப்பினக் குழந்தைகளின் அநாதை இல்லத்தைக் கொளுத்தினார்கள். ஏழைகளின் எழுச்சி என்று இதைக் கொண்டாட எனக்கு மனசு வரவில்லை.

வியட்நாம் போரில் பணத்தின் இடத்துக்குப் படிப்பு வந்தது. கல்லூரியில் இருப்பவனுக்கு ஒத்திவைப்பு. ஆள் போதாமல் போனபோது, கல்லூரிப் பையன்களைத் தொடாமல், 1966-ல் ராணுவத்தில் சேரத் தேவையான தேர்வு மதிப்பெண்ணைக் குறைத்து, முன்பு வேண்டாம் என்று ஒதுக்கியவர்களில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தார்கள். ஐந்து முறை ஒத்திவைப்பு வாங்கிய டிக் செனி, பிற்பாடு பாதுகாப்பு அமைச்சராகி 1991 வளைகுடாப் போரை மேற்பார்த்தார். மாமா, நம் ஊரில் அப்படி ஒரு சட்டம் வந்தால் விலக்குச் சான்றிதழ் வாங்க யார் வீட்டில் ஆள் தெரியும், பால்கார அண்ணன் வீட்டிலா, நம் வீட்டிலா?

இன்னொன்று. அமெரிக்காவில் கட்டாய ஆள்சேர்ப்பு 1973-ல் நின்றுவிட்டது. ஆனால் 18 வயதான ஆண்பிள்ளைகளின் பெயர் ராணுவப் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்ற சட்டம் இன்றும் இருக்கிறது. டல்லாஸில் பிறந்த உங்கள் பேரனுக்கு வரும் தையில் 18. போன வாரம் அத்தான் போன் செய்தார். மறுபடி ஆள் எடுத்தால் காலேஜ் பையன்களுக்கு விலக்கு உண்டா என்று தேடிப் பார்த்தாராம். நடக்கும் செமஸ்டர் முடியும்வரைதான் அவகாசமாம். குரலே சரியில்லை.

'எங்கம்மாவிடம் சொல்லிவிடாதே' என்றார். உங்களிடம் சொல்லக்கூடாது என்று சொல்லவில்லை.

அன்புடன்,
உங்கள் மருமகன்