கைவினைப் பொருட்களும் பவுடர் கோட்டிங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கையால் செய்த சிறு உலோகப் பொருட்களுக்கு வண்ணம் பூசுவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நிலைமின் முறையில் வண்ணப் பொடியைத் தெளித்து, பின் அடுப்பில் சூடேற்றி இறுகச் செய்யும் பவுடர் கோட்டிங்கை அது பரிந்துரைத்திருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் அம்முறைக்கு உயிர்நாடியான எர்த் இணைப்பை, அதாவது பொருளை நிலத்தோடு மின்வழியாக இணைப்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறையாகவே எனக்குப் படுகிறது.

ஸ்பிரே கன்னின் முனையில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தத்தால் மின்னூட்டம் பெறும் பொடி, எர்த் செய்யப்பட்ட பொருளை நாடிச் சென்று ஒட்டுகிறது. கம்பியை வளைத்துச் செய்த சாவி வளையத்தின் பின்புறத்தைக்கூட அது சுற்றிப் பற்றிக்கொள்ளும். தூரிகையால் அவ்வளவு சீராகப் பூசுவது எளிதன்று. ஆனால் பொருளைத் தொங்கவிட்டு எர்த்தோடு இணைக்கும் கொக்கியிலும் ஒவ்வொரு முறையும் பொடி படிந்து, சூட்டில் உருகி இறுகி, மின்சாரம் கடவாத உறையாகிவிடுகிறது. அதைச் சுரண்டி எடுக்காமல் அடுத்த பொருளை மாட்டினால், எர்த் அறுபட்டுப் பொடி சரிவர ஒட்டாது என்பதோடு, பொருளில் தேங்கும் மின்னூட்டம் தீப்பொறியாகவும் வெளிப்படலாம். காற்றில் அடர்ந்து மிதக்கும் பொடி தீப்பற்றக்கூடியது என்பதால், சிறிய அறையில் வேலை செய்பவர்கள் இதில் ஒருபோதும் அலட்சியம் காட்டக் கூடாது.

நுண்ணிய செதுக்கு வேலை உள்ள பொருட்களுக்கு இம்முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். மின்புலம் விளிம்புகளிலேயே குவிவதால் ஆழமான மூலைகளுக்குள் பொடி எளிதில் புகுவதில்லை. மின்னழுத்தத்தைக் குறைத்துப் புகச் செய்தாலும், 60 முதல் 80 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை படியும் பூச்சு மெல்லிய கோடுகளை மூடிவிடும். கைவேலையின் அழகே மறைந்த பின் பளபளப்பால் என்ன பயன்?

சூடேற்றும் கட்டத்திலும் கவனம் தேவை. பொடி இறுகுவதற்குப் பெரும்பாலும் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். உலோகத் துண்டுகளைப் பற்றவைக்கும் சோல்டரிங்கில் பரவலாகப் பயன்படும் ஈய-வெள்ளீயக் கலவையோ 183 டிகிரியிலேயே உருகிவிடும். அவ்வாறு இணைத்த பொருளை அடுப்பில் வைத்தால், பாடுபட்டுச் சேர்த்த மூட்டுகள் கழன்றுவிடக்கூடும்.

இதற்குப் பயன்படுத்திய அடுப்பில் பிறகு உணவு சமைக்கக் கூடாது என்ற எச்சரிக்கையையும், கொக்கிகளைச் சுத்தம் செய்யும் முறையையும் தங்கள் நாளிதழ் விரைவில் தனிக் குறிப்பாக வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உலோகக் கைவினைஞர் ஒருவர்