வழக்குத் தொடுநராகப் போகும் மகளுக்கு

கிளிநொச்சி

அன்பு மகளுக்கு,

சட்டமா அதிபர் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்கட்டோ, இல்லாவிட்டால் வவுனியாவில் ஒரு சீனியரோடு நின்று தொழில் பழகட்டோ என்று கேட்டிருந்தாய். விண்ணப்பி. வன்னிக் கோப்புகளை வாசிக்க வன்னி தெரிந்த பிள்ளைகள் அங்கே இருக்க வேண்டும். ஆனால் எதைத் தகுதி என்று நினைத்துக்கொண்டு போகிறாய் என்பதில்தான் எனக்கு யோசனை. நீதிமன்றப் பதிவறையில் வேலை செய்தவள் என்ற முறையில் அதைப்பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

கடதாசித் தகுதி உனக்குத் தெரிந்ததுதான். சட்டமாணி முடித்துவிட்டாய், சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சையும் ஆறு மாதப் பயிலுநர் காலமும் முடிய உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். பிறகு வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும்போது போட்டு, பரீட்சையும் நேர்முகமும் தாண்டினால் கொழும்பில், புதுக்கடையிலுள்ள அந்தத் திணைக்களத்தில் ஒரு மேசை. அரச சட்டத்தரணி, சிரேஷ்ட அரச சட்டத்தரணி, பிரதி மன்றாடியார் நாயகம் என்று படிகள் மேலே போகும். அதெல்லாம் காலம் தரும்.

காலம் தானாகத் தராத ஒன்று உண்டு. ஒரு கோப்பைத் திறந்தவுடன், இது கடைசிவரை கொண்டுபோக வேண்டிய வழக்கா, ஊருக்குள்ளேயே தீர வேண்டிய பிணக்கா, வழக்கே இல்லாத ஒன்றா என்று பிரித்துப் பார்க்கும் கண். நல்ல வழக்குத் தொடுநரையும் வெறும் வழக்காடுபவரையும் நான் அதை வைத்துத்தான் பிரிப்பேன்.

நீதவான் நீதிமன்றத்தில் பெரும்பாலான வழக்குகளைப் பொலிசாரே நடத்துகிறார்கள். உன் கைக்கு வருவது மேல் நீதிமன்றத்துக்குரியவை. கொலை போன்றவற்றில் நீதவான் சுருக்கமுறையற்ற விசாரணையை, அதாவது மேல் நீதிமன்ற வழக்குக்கு முந்திய ஆரம்ப விசாரணையை, முடித்துக் கோப்பை அனுப்புவார். வேறு சிலவற்றில் பொலிசார் ஆலோசனை கேட்டு அனுப்புவார்கள். குற்றப்பத்திரம் தாக்கல் செய்வதா, எந்தப் பிரிவில், அல்லது விடுவிப்பதா என்று நீ எழுதுவதில் ஒரு குடும்பத்தின் பத்து வருடம் போகலாம்.

கோப்பை முதல் பக்கத்திலிருந்து வாசிக்காதே. முதல் முறைப்பாடு எத்தனை மணிக்குப் பதியப்பட்டது, சம்பவம் எத்தனை மணிக்கு, இடையில் எவ்வளவு நேரம் என்று பார். பிறகு மருத்துவப் பரிசோதனைப் படிவம். காயப்பட்டவர் வைத்தியரிடம் சொன்ன குறுகிய வரலாறு அதில் இருக்கும். யாரும் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னர் சொன்னது பெரும்பாலும் அதுதான். அதற்குப் பிறகு சம்பவ இடக் குறிப்பும் வரைபடமும். சாட்சிகளின் வாக்குமூலங்களைக் கடைசியாக வாசி. அப்போதுதான் எது நடந்தது, எது பிறகு சேர்ந்தது என்று தெரியும். குறை இருந்தால் 'மேலதிக விசாரணை செய்க' என்று ஒற்றை வரியில் திருப்பி அனுப்பாதே. அப்படி அனுப்பிய கோப்பு அப்படியேதான் திரும்பி வரும். எந்தச் சாட்சியிடம் எந்தக் கேள்வி, எந்த ஆவணம் என்று இலக்கமிட்டு எழுது.

எங்கள் பகுதி வழக்குகள் அதிகம் உடைவது வாக்குமூலத்தில். அரசியலமைப்பின்படி வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ். ஆனால் பொலிஸ் நிலையத்தில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் அந்த நேரத்தில் இல்லையென்றால், தமிழில் சொன்னது சிங்களத்தில் எழுதப்படுகிறது. இடையில் நின்று சொல்லிக்கொடுப்பவர் யாரென்று பல நேரம் கோப்பில் இருப்பதில்லை. சாட்சி தனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துக்குக் கீழே கையெழுத்து வைக்கிறார். சில வருடம் கழித்துக் கூண்டில் ஏறித் தமிழில் உண்மையைச் சொல்கிறார். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 110 ஆம் பிரிவின்படி அந்த வாக்குமூலத்தை அவரை முரண்படுத்தப் பயன்படுத்தலாம். எதிரித் தரப்பு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரின் தரப்பு, அதைத்தான் செய்யும். 'மண்வெட்டிப் பிடியால் அடித்தார்' என்று அவர் சொன்னது 'மண்வெட்டியால் வெட்டினார்' என்று எழுதப்பட்டிருக்கும். ஒரு சொல்லில் சாட்சி பொய்யராகிவிடுவார். ஆகவே குற்றப்பத்திரம் எழுத முதல், எந்த மொழியில் சொல்லப்பட்டது, எந்த மொழியில் எழுதப்பட்டது, மொழிபெயர்த்தவர் யார், திரும்ப வாசித்துக் காட்டப்பட்டதா என்ற நான்கையும் கேள். பதில் இல்லையென்றால் இன்னொரு வாக்குமூலம் தமிழில் எடுக்கச் சொல். முந்தியதை மறைக்கக் கூடாது. இரண்டும் எதிரித் தரப்புக்குப் போக வேண்டும்.

அந்த மண்வெட்டியையே எடுத்துக்கொள்வோம். இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகம், வயல்களுக்கு முறை வைத்துத்தான் தண்ணீர். ஒருவர் இரவோடு இரவாக மடையைத் திறந்து தன் வயலுக்கு விட்டுவிட்டார் என்று கீழ்வயல்காரர் விடியப் போய்ச் சண்டை. தோளில் ஒரு அடி, எலும்பு முறிவு. பொலிஸ் அறிக்கை கொலை முயற்சி என்று தண்டனைச் சட்டக்கோவையின் 300 ஆம் பிரிவைப் போட்டு வரும். நீ காயத்தைப் பார். விளிம்பு நேராக வெட்டுப்பட்ட காயமா, அடிபட்டுக் கன்றிப்போன கண்டற்காயமா? தலையிலா, தோளிலா? ஒரு அடியோடு நின்றாரா, விழுந்த பிறகும் அடித்தாரா? ஆயுதம் கையோடு கொண்டுவந்ததா, வயலில் கிடந்ததா? ஒரு அடி, பிடியால், தோளில் என்றால் அது பாரதூரமான காயம் விளைவித்தல், 316. வெட்டும் பக்கம் பட்டிருந்தால் 317 பற்றி யோசிக்கலாம். கொல்லும் எண்ணத்துக்குச் சாட்சியம் இல்லாத இடத்தில் 300 போட்டால் என்ன ஆகும் தெரியுமா? வழக்கு வருடக்கணக்கில் இழுபடும். இரண்டு வயல்காரரும் ஒரே வாய்க்காலில் ஒவ்வொரு போகமும் முகம் பார்க்க வேண்டியவர்கள். சாட்சிகள் இரண்டு பக்கமும் சொந்தம். மூன்றாம் தவணையில் சாட்சி 'எனக்கு வடிவாத் தெரியாது' என்பார். கடைசியில் எண்ணம் நிரூபிக்கப்படாமல் குறைந்த குற்றத்துக்கு வரும், அல்லது ஒன்றுமில்லாமல் போகும். பெரிய பிரிவு போட்டால் கடுமையான வழக்குத் தொடுநர் என்று பெயர் வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சனத்துக்குச் செய்யும் அநியாயம்.

எலும்பு முறியாத கைகலப்பு, வேலிச் சண்டை, கட்டாக்காலி மாடு பயிரை மேய்ந்தது, தூசணத்தால் ஏசியது, சிறு கடன் எல்லாம் மத்தியஸ்த சபைக்கு உரியவை. எங்கள் சனம் இணக்கசபை என்று சொல்வது அதைத்தான். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. அட்டவணையில் உள்ள குற்றங்களுக்கு, தீர்வு காணப்படவில்லை என்ற சான்றிதழ் சபையிலிருந்து இல்லாமல் நீதிமன்றம் வழக்கை எடுக்காது. இரு தரப்பும் பட்டியலிலிருந்து ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவுசெய்ய, அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தலைவராக எடுப்பார்கள். சட்டத்தரணிக்கு அங்கே இடமில்லை. அங்கே பேசியதை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க முடியாது. அந்தப் பாதுகாப்பு இருப்பதால்தான் ஆட்கள் 'ஓம், என்ர மாடுதான்' என்று வாய் திறக்கிறார்கள்.

அங்கும் பிழை வரும். மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினால் அந்தக் கடதாசி ஒரு மாதம் தாங்காது. 'இனிப் பிரச்சினைப்பட மாட்டோம்' என்று எழுதி முடித்த உடன்படிக்கையால் பயனில்லை. எத்தனை ரூபா, எத்தனை தவணை, எந்தத் திகதிக்குள், கட்டாவிட்டால் என்ன, வேலி எந்த மரத்திலிருந்து எந்தக் கல்வரை என்று எழுதியிருக்க வேண்டும். காணிப் பிணக்கில் இது இன்னும் முக்கியம். இடப்பெயர்வில் காணி ஒப்பங்கள், அதாவது பேர்மிட்டுகள், தொலைந்தன, ஒரே துண்டுக்கு இரண்டு பேரிடம் பேர்மிட் இருக்கிறது, பிரதேச செயலகத்துப் பதிவேடு வேறொன்று சொல்கிறது. ஒப்பத்தைக் கொடுத்தது அரசு. யாருக்கு உரித்து என்பதை அயலவர் இருவர் இணங்கி முடித்துவிட முடியாது. அத்துமீறல் என்று பொலிஸ் அனுப்பும் கோப்பில் பாதிக்கு மேல் இந்தக் குழப்பம்தான் அடியில் கிடக்கும். குற்றம் தேடுவதற்கு முன்னர் பதிவேட்டைக் கேள்.

சில விடயங்களில் ஊர்த்தீர்வு என்ற சொல்லையே காதில் போடாதே. பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்பிள்ளையோடு சேர்ந்து வாழ்வது வன்னியில் இன்னும் நடக்கிறது. வறுமை, தாய் வெளிநாட்டில், பள்ளிக்கூடம் விட்டது என்று காரணங்கள். பிள்ளை கர்ப்பமாகி ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் பொலிசுக்குத் தெரியவரும். இரண்டு வீட்டாரும் வந்து, 'கலியாணம் செய்து வைக்கிறம், வழக்கு வேண்டாம்' என்பார்கள். அவளுடைய சம்மதம் சட்டத்தில் சம்மதம் ஆகாது. சபைக்கோ ஊர்ப் பெரியவருக்கோ அதில் அதிகாரம் இல்லை. ஆனால் எல்லாக் கோப்பும் ஒன்றல்ல. பதினேழு வயதுப் பெடியனும் பதினைந்து வயதுப் பிள்ளையும் ஒரு கோப்பு. முப்பத்தைந்து வயது ஆளும் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் வேறு கோப்பு. குறைந்தபட்சத் தண்டனை என்று சட்டத்தில் எழுதியிருப்பது, தகுந்த வழக்கில் நீதிமன்றத்துக்கு இருக்கும் தற்றுணிபை, தானே யோசித்துத் தீர்மானிக்கும் அதிகாரத்தை, பறிக்காது என்று உயர் நீதிமன்றம் 2008 இல் சொன்னது. நீதிபதி அந்தத் தற்றுணிபைச் சரியாகப் பாவிக்க வேண்டுமென்றால் வயது வித்தியாசம், வற்புறுத்தல் இருந்ததா, பிள்ளை இப்போது எங்கே, யார் பார்க்கிறார்கள் என்ற விபரத்தை நீதான் முன்வைக்க வேண்டும். நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கையைக் கேட்டு வாங்கு. பிறப்புச் சான்றிதழ் போரில் தொலைந்திருந்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுப்பி. வயது நிரூபிக்கப்படாவிட்டால் வழக்கே இல்லை.

வீட்டுக்குள் அடியும் அப்படித்தான். 2005 ஆம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம், பன்னிரண்டு மாதம்வரை. அதைச் சொல்லிக்கொடுக்காமல் 'சமாதானமாப் போ தங்கச்சி' என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணின் பெயரைப் பிறகு மரண விசாரணை அறிக்கையில் வாசிக்கக் கூடாது.

போதைப்பொருள் வழக்கில் உன் கவனம் நிறையில் இருக்கட்டும். ஹெரோயினில் தூய நிறை 2 கிராமோ கூடவோ என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள். பக்கற்றோடு நிறுத்த நிறை வேறு, அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சொல்லும் தூய நிறை வேறு. பிடித்தவர்கள் நகைக்கடைத் தராசில் நிறுத்திருப்பார்கள். அந்தக் கடை எது, எத்தனை மணி என்று குறிப்பில் இருக்க வேண்டும். எதிரிக்கு முன்னால் நிறுத்து, உறையில் இட்டு, அரக்கு வைத்து, பெருவிரல் அடையாளம் எடுத்து, சான்றுப்பொருள் பதிவேட்டில் இலக்கமிட்டு, கொடுத்தவரும் வாங்கியவரும் தங்கள் தங்கள் குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருக்க வேண்டும். பகுப்பாய்வாளர் உறையைப் பிரிக்கும்போது முத்திரை உடையாமல் இருந்தது என்று அறிக்கை சொல்ல வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு இரவு கணக்கில்லாமல் போனால், எதிரி விடுதலையாவதில் நியாயம் இருக்கிறது. பாவிக்கும் பெடியனையும் விற்பவனையும் ஒரே கண்ணால் பார்க்காதே. இரண்டு வருடத்துக்கு மேற்படாத சிறைக்குரிய சிறு குற்றங்களில் 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நீதவான் சமுதாயம்சார் சீர்திருத்தக் கட்டளை வழங்கலாம். கசிப்புச் சாராயத்தோடு பிடிபட்ட கூலித் தொழிலாளி தண்டப்பணம் கட்ட முடியாமல் மறியலுக்குப் போவதைவிட, ஆஸ்பத்திரி வளவைத் துப்புரவாக்கிவிட்டு இரவு வீட்டில் படுப்பது அவன் பிள்ளைகளுக்கு நல்லது. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை மீது குற்றமே சுமத்த முடியாது. 2018 இல்தான் எட்டிலிருந்து அந்த வயதை உயர்த்தினார்கள்.

சாட்சிகளைப்பற்றி ஒன்று. முல்லைத்தீவில் மாத்தளன் பக்கத்திலிருந்து மேல் நீதிமன்றத்துக்கு வர, விடிய முதல் பஸ் பிடிக்க வேண்டும். ஒரு நாள் கூலி போகும். தவணை மாறியது என்று மத்தியானம் சொன்னால் அடுத்த முறை அவர் வரமாட்டார். வழக்கு அன்று எடுபடாது என்று முதலே தெரிந்தால் பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்து அவர் வருவதை நிறுத்து. நீதிமன்றத்துக்கு வந்தவரை வெளியே எதிரியின் ஆட்களோடு ஒரே வாங்கில் இருக்க விடாதே. சாட்சிகளுக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்குமான பாதுகாப்புச் சட்டம் 2015 இல் வந்து, 2023 இல் புதிதாக இயற்றப்பட்டது. மிரட்டல் இருந்தால் அதன் கீழ் எழுத்தில் முறைப்பாடு எடுப்பி. எதிரி குற்றவாளியாகக் காணப்பட்டால் நட்டஈடு கேட்க மறக்காதே. மருந்துச் செலவு, இழந்த கூலி எல்லாவற்றுக்கும் துண்டுகளை வழக்கு முடியும்வரை வைத்திருக்கும்படி முதல் நாளே சொல்.

எதிரிக்குச் சாதகமான வாக்குமூலம் கோப்பில் இருந்தால் கேட்காமலே கொடு. பொலிசாரிடம் சொன்ன குற்ற ஒப்புதல் பொதுவாகச் சாட்சியமாகாது என்பதையும், அதை நம்பிக் கட்டிய கோப்பில் வேறு என்ன மிஞ்சுகிறது என்பதையும் ஒவ்வொரு முறையும் கணக்குப் பார்.

வர்த்தமானி வரும்வரை உனக்குச் செய்ய வேலை இருக்கிறது. உன் சிங்களம் பேசப் போதும், வாசிக்கப் போதாது. பொலிஸ் புத்தகத்துக் கையெழுத்துச் சிங்களம் அச்சைப் போல இராது, சுருக்கெழுத்துகளும் நிறைய. உன் சீனியரிடம் முடிந்த வழக்குகளின் சிங்கள வாக்குமூலப் பிரதிகளைக் கேட்டு, கிழமைக்கு இரண்டை நீயே தமிழாக்கி, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரான முதலியாரின் மொழிபெயர்ப்போடு ஒப்பிட்டுப் பார். மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்புகளில் தண்டனை ரத்தானவற்றைத் தேடி எடுத்து, எந்தப் பக்கத்தில் வழக்கு உடைந்தது என்று ஒரு கொப்பியில் எழுது. லீவில் வரும்போது அந்தக் கொப்பியைக் கொண்டு வா, இருந்து பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா